சிலந்தியும் நெல்லும் உழவர் உடலும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பூச்சிக்கொல்லிக்கு வழங்கும் பெயர் மருந்து. அதை வயலில் தெளிப்பதை 'மருந்து அடிப்பது' என்றும், அதனாலேயே ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால் 'மருந்தைக் குடித்துவிட்டார்' என்றும் ஒரே சொல்லால் பேசுவது இரண்டு மூன்று தலைமுறைகளாக ஊறிப்போன வழக்கம். இந்தோனேசியாவின் நெல் உழவர்களும் பூச்சிக்கொல்லியை 'ஓபாட்' என்றே அழைத்துவந்தனர். அந்தச் சொல்லுக்கும் மருந்து என்பதுதான் பொருள். கடல்கடந்த இரு நாடுகளின் உழவர்கள் நஞ்சுக்கு ஒரே விதமாகப் பெயரிட்டது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெயருக்குள் இருக்கும் நம்பிக்கை, அதாவது வயலில் பூச்சி தென்படுவதே நோய், தெளிப்பதே அதற்குச் சிகிச்சை என்னும் நம்பிக்கை, ஆசிய நாடுகள் பலவற்றின் மக்கள் உடல்நலத்தை நேரடியாகப் பாதித்திருக்கிறது.

பல்லுயிரியம் என்பது ஓரிடத்தில் வாழும் உயிரினங்களின் வகைப் பெருக்கத்தையும், ஒவ்வோர் இனத்துக்குள்ளும் காணப்படும் மரபு வேறுபாடுகளையும், அவை ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் உறவுகளையும் சேர்த்துக் குறிக்கும் சொல். அந்த உறவுகளை அறிந்து, அவற்றைக் குலைக்காமல், இயன்றவரை அவற்றைக்கொண்டே பயிரைக் காப்பதற்குச் சூழலியல் வேளாண்மை என்று பெயர். வேதிப்பொருள் எதையும் தொடுவதில்லை என்று உறுதி பூண்ட இயற்கை வேளாண்மையும் இதற்குள் அடங்கும். வேறு வழியே இல்லாத நேரத்தில் மட்டும், கணக்குப் பார்த்து, குறைந்த நச்சுள்ள ஒன்றைப் பயன்படுத்தும் முறையும் இதற்குள் அடங்கும். இந்த முறை பயிருக்கு என்ன செய்கிறது என்பது பலமுறை பேசப்பட்டுவிட்டது. அது மனித உடலுக்கு என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் களம் நெல்வயல்.

நெல்லைத் தாக்கும் பூச்சிகளில் புகையானை அறியாத உழவர் இல்லை. அரிசி மணியைவிடச் சிறிய இந்தப் பழுப்புநிறத் தத்துப்பூச்சி, பயிரின் அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். உறிஞ்சப்பட்ட பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து, புகைந்து கருகியதுபோல் தோன்றும். பெண் பூச்சி தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைப்பதால், மேலே தெளிக்கப்படும் நஞ்சு அவற்றை எளிதில் எட்டுவதில்லை. தெளிப்பில் வளர்ந்த பூச்சிகள் மடிகின்றன. அவற்றோடு அவற்றைத் தின்னும் உயிர்களும் மடிகின்றன. ஒரு வாரம் பத்து நாள் கழித்து முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது, அவற்றை எதிர்கொள்ள வயலில் எதிரி ஒருவரும் மிஞ்சியிருப்பதில்லை. தெளித்த பிறகு முன்னிலும் பல மடங்காகப் பூச்சி பெருகும் இந்நிலையைப் பூச்சியியலார் மறுபெருக்கம் என்கிறார்கள். அதைக் கண்டு உழவர் மீண்டும் தெளிக்கிறார், மீண்டும் பெருகுகிறது. 1970களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டிய வயல்களில் ஆய்வு செய்த பீட்டர் கென்மோர் என்னும் பூச்சியியலாளர், புகையான் ஒரு பெருங்கொள்ளையாக மாறியதற்குப் பூச்சிக்கொல்லியே முதன்மையான காரணம் என்பதைக் களச்சான்றுகளோடு காட்டினார்.

அந்த எதிரிகள் யார் என்று பார்ப்பதற்கு நெற்பயிரின் தூரை விலக்கிக் குனிந்து நோக்கினாலே போதும். வலை பின்னாத ஓநாய்ச் சிலந்தி, தண்ணீரின் மேற்பரப்பில் தடையின்றி ஓடி, தூருக்குத் தூர் தாவி, நாளொன்றுக்கு ஐந்து முதல் பதினைந்து இரைகள் வரை பிடித்துத் தின்கிறது. அதன் தாய்ச்சிலந்தி முட்டைப்பையை உடலின் பின்முனையில் கட்டிச் சுமந்து, பொரிந்த குஞ்சுகளையும் சில நாள் முதுகில் ஏற்றிக்கொண்டே வேட்டைக்குப் போகும். மிரிட் நாவாய்ப்பூச்சி என்னும் மெல்லிய பச்சைநிறப் பூச்சி, புகையான் இலையுறைக்குள் ஒளித்துவைத்த முட்டைகளைத் தேடித் தன் ஊசி வாயால் குத்தி உறிஞ்சுகிறது. எந்தத் தெளிப்பானும் எட்டாத இடத்தை அது எட்டுகிறது. இவற்றோடு ஊசித்தட்டான், பொறிவண்டு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவில் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள், தவளை ஆகிய அனைத்தும் சேர்ந்து வயலுக்குக் கூலி கேட்காத காவலாக நிற்கின்றன. ஜாவா தீவின் நெல்வயல்களில் வில்லியம் செட்டிலும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், 765 வகைக் கணுக்காலிகள், அதாவது பூச்சி, சிலந்தி இனங்கள், பதிவு செய்யப்பட்டன. அவற்றில் நெல்லுக்குக் கேடு செய்பவை மிகச் சிறு பங்கே.

அதே ஆய்வு வெளிப்படுத்திய மற்றொரு செய்தி, தொழுவுரத்தின் அருமையை அறிந்த எந்த உழவருக்கும் மகிழ்ச்சி தரும். நடவு முடிந்த தொடக்க வாரங்களில் நெல்லைத் தின்னும் பூச்சிகள் வயலில் அதிகம் இருப்பதில்லை. அப்படியானால் சிலந்திகள் அந்நாளில் எதைத் தின்று பெருகுகின்றன என்பது நெடுநாள் விளங்காமல் இருந்தது. மட்கும் வைக்கோலையும் எருவையும் உண்டு வளரும் நுண்ணுயிர்களைத் தின்று, நீரில் கொசுவைப் போன்ற கடிக்காத சிற்றீக்களும் மட்கு உண்ணிகளும் பெருகுகின்றன. அவற்றைத் தின்று சிலந்திகள் பெருகுகின்றன. புகையான் வந்து சேரும் நாளில் காவல்படை முன்கூட்டியே திரண்டு நிற்கிறது. நடவு முடிந்ததும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று அடிக்கும் முதல் தெளிப்பு, இந்தச் சங்கிலியை அதன் முதல் கண்ணியிலேயே அறுத்துவிடுகிறது. மண்ணில் எரு குறைந்தால் காவலும் குறையும், காவல் குறைந்தால் நஞ்சு கூடும், நஞ்சு கூடினால் அது மனித உடலில் போய்ச் சேரும் என்னும் தொடர்ச்சியில், மண்வளமும் மருத்துவமனைப் படுக்கையும் எண்ணியதைவிட நெருக்கமானவை.

இந்தோனேசியா இதைப் பட்டுணர்ந்தது. பசுமைப் புரட்சிக் காலத்தில் அந்நாட்டு அரசு பூச்சிக்கொல்லி விலையில் ஐந்தில் நான்கு பங்கு வரை மானியமாகக் கொடுத்துவந்தது. உழவருக்கு நஞ்சு ஏறத்தாழ இலவசம் என்ற நிலை. 1976, 1977ஆம் ஆண்டுகளில் புகையான் பத்து இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட அரிசியை அழித்தது. புகையானைத் தாங்கும் புதிய நெல் இரகங்கள் வந்தன. சில ஆண்டுகளிலேயே பூச்சி அந்தத் தடுப்பையும் உடைத்தது. 1984இல் அரிசியில் தன்னிறைவு எய்திய பெருமை அடங்குவதற்குள், 1985, 1986இல் ஜாவாவில் மீண்டும் புகையான் வெடித்தது. அப்போது அதிபராக இருந்த சுகார்த்தோ, 1986 நவம்பரில் ஓர் ஆணையின் வழியே 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தார். 1989க்குள் மானியமும் முற்றாக நீக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நெல்லுக்கான பூச்சிக்கொல்லிப் பயன்பாடு பாதிக்கும் கீழே இறங்கியது. நெல் விளைச்சலோ இறங்கவில்லை, ஏறியே வந்தது. வேளாண் வரலாற்றில் இவ்வளவு பெரிய பரப்பில், இவ்வளவு தெளிவாக, ஒரு நம்பிக்கை பொய்த்துப்போன நிகழ்வு அரிது.

தெளிப்பவரின் உடலில் நடப்பதை அறிய, ஆர்கனோபாஸ்பேட் என்னும் பாஸ்பரஸ் சார்ந்த பூச்சிக்கொல்லி வகை செயல்படும் விதத்தை அறிய வேண்டும். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள், செய்தி சேர்ந்த மறுகணமே கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியால் சிதைக்கப்பட்டால்தான் தசை ஓய்வெடுக்க முடியும். இவ்வகை நஞ்சு அந்த நொதியை முடக்கிவிடுவதால், செய்தி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. வியர்வையும் உமிழ்நீரும் பெருகுதல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், வயிற்றுப் பிடிப்பு, தசைத் துடிப்பு, முற்றிய நிலையில் மூச்சுத் திணறல் ஆகியவை இதன் அடையாளங்கள். பூச்சியின் நரம்பும் மனிதரின் நரம்பும் இந்த இடத்தில் ஒரே விதமாக இயங்குவதால், பூச்சியைக் கொல்வது மனிதரை விட்டுவைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. முதுகில் கைத்தெளிப்பானைச் சுமந்து, வெறுங்காலோடு சேற்றில் நடந்து, மடித்துக் கட்டிய வேட்டியோடும் மூக்கை மூடிய ஒரு துண்டோடும் காற்றுக்கு எதிரே தெளிப்பவருக்கு, தோல், மூச்சு இரண்டுமே நஞ்சு நுழையும் வாசலாகின்றன. கையுறையும் முகக்கவசமும் அணியவில்லை என்று அவர்மீது குறை சொல்வது எளிது. வெப்ப நாட்டுப் பகல் வெயிலில் அந்த உறைகளுக்குள் ஒரு மணி நேரம் வேலை செய்யச் சொன்னால் எவராலும் முடியாது.

இந்தப் பாதிப்பு ஊர் அளவில் எவ்வளவு பெரிதாகும் என்பதைப் பிலிப்பைன்ஸ் ஆய்வுகள் காட்டுகின்றன. நடு லூசோன் பகுதியின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த மைக்கேல் லோவின்சோன், சிறு உழவர்களிடையே பூச்சிக்கொல்லி பரவலான பிறகு, உழைக்கும் வயது ஆண்களில் விபத்துக் காயம் சாராத இறப்பு 27 விழுக்காடு உயர்ந்திருந்ததை 1987இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். மாரடைப்பு என்றும் பக்கவாதம் என்றும் பதிவான இறப்புகளுக்குள் நஞ்சின் பங்கு மறைந்திருக்கக்கூடும் என்பது அவரது எச்சரிக்கை. 1993இல் ஆக்னஸ் ரோலாவும் பிரபு பிங்கலியும் வெளியிட்ட பொருளியல் ஆய்வு இன்னும் ஒருபடி சென்றது. கண், தோல், நுரையீரல், நரம்பு ஆகியவற்றில் தெளிப்பவருக்கு வரும் கோளாறுகளுக்கான மருத்துவச் செலவையும், இழந்த கூலியையும் சாகுபடிக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, பூச்சிக்கொல்லி தந்த விளைச்சல் ஆதாயத்தை அந்தச் செலவு விழுங்கிவிடுகிறது என்றும், இயற்கை எதிரிகளை அவற்றின் போக்கில் விடுவதே பெரும்பாலான பருவங்களில் ஆதாயமான வழி என்றும் அவர்கள் கண்டனர். உழவரின் உடல் எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஏறாத ஒரு முதல்.

நெல்வயலுக்கு வெளியிலும் இதே தொடர்ச்சி அளந்து காட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 2006இல் தோன்றிய வெண்மூக்கு நோய் என்னும் பூஞ்சைத் தொற்று வௌவால்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. இரவெல்லாம் பறந்து பயிர்ப்பூச்சிகளைத் தின்னும் வௌவால்கள் அழிந்த மாவட்டங்களில் உழவர்கள் பூச்சிக்கொல்லியை 31 விழுக்காடு அதிகமாகப் பயன்படுத்தினர் என்றும், அதே மாவட்டங்களில், விபத்தாலும் வன்முறையாலும் நேராத குழந்தை இறப்பு ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்ந்தது என்றும், 2024இல் சயன்ஸ் இதழில் வெளியான எயால் ஃபிராங்கின் ஆய்வு கூறுகிறது. பூஞ்சை நோய் மனிதரைத் தொடவே இல்லை. ஓர் உயிரினத்தின் வெற்றிடத்தை நிரப்ப வந்த நஞ்சே தொட்டது. ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளின் இறப்பு இதனோடு சேர்ந்தது என்ற கணிப்பை வாசிக்கும்போது, இத்தனை வீடுகளில் ஒன்றிலாவது யாரேனும் வௌவாலை நினைத்திருப்பார்களா என்ற எண்ணம் எழுவதைத் தவிர்க்க முடியவில்லை.

தமிழர்களும் வாழும் இலங்கையின் பட்டறிவு இதைவிடக் கூர்மையானது. 1995இல் அந்நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நிகழ்ந்தது. உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. ஒரு கண நேர மனக்கொதிப்பில் கைக்கு எட்டியது எதுவோ அதுவே முடிவைத் தீர்மானித்தது. சிற்றூர் வீட்டில் கைக்கு எட்டியது வயலுக்கு வாங்கி வைத்த நஞ்சு. உலக நலவாழ்வு அமைப்பு மிகக் கொடியவை என்று வகைப்படுத்திய பூச்சிக்கொல்லிகளை இலங்கை 1995க்குள் விலக்கியது. 1998இல் எண்டோசல்பானையும், 2008 முதல் 2011 வரை பாராகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியான் ஆகியவற்றையும் படிப்படியாக விலக்கியது. 2015க்குள் தற்கொலை விகிதம் 70 விழுக்காடு குறைந்தது. இருபது ஆண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். இந்தத் தடைகளால் நெல் விளைச்சல் குறைந்ததற்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை.

வயலின் பல்லுயிரியம் நஞ்சைத் தடுப்பதோடு நில்லாமல் உணவாகவும் ஆகிறது. வரப்போரத்துப் பொன்னாங்கண்ணி, சேற்றில் படரும் ஆரைக்கீரை, ஈரத்தில் தழைக்கும் வல்லாரை, வாய்க்காலில் ஏறிவரும் கெண்டையும் விராலும், வரப்பு வளையில் ஒளியும் நண்டு, குளிர்காலத்து நத்தை ஆகியவை கூலி உழவர் வீட்டில் காசு கொடுக்காமல் கிடைத்த சத்துகள். களைக்கொல்லி அடிக்கும் வயலில் கீரையும் களைதான். வங்கதேசத்தின் குளங்களிலும் வயல்களிலும் வாழும் மோலா என்னும் விரல் நீள மீனைத் தலையோடும் எலும்போடும் முழுதாக உண்ணும்போது வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து, இரும்பு ஆகியவை நிறையக் கிடைக்கின்றன என்று நிறுவிய ஊட்டச்சத்து அறிஞர் சகுந்தலா தில்ஸ்டெட், 2021இல் உலக உணவுப் பரிசைப் பெற்றார். விற்பனைக்குப் பெரிய மீன் வளர்க்க விரும்பியவர்கள் அதற்கு முன்பு இந்தச் சிறு மீன்களைக் களை என்று கருதி நஞ்சிட்டுக் கொன்றுவந்தனர்.

ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாட்டுக்கும் காக்கும் ஆற்றல் உண்டு. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் சூ யூயோங் தலைமையிலான குழு, 1998, 1999ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான எக்டேரில், குலைநோய் என்னும் பூஞ்சை நோய்க்கு எளிதில் ஆட்படும் பாரம்பரிய ஒட்டரிசி நெல்லை வீரிய ஒட்டு நெல் வரிசைகளுக்கு இடையிடையே நட்டது. தனியே நட்டதோடு ஒப்பிட்டபோது ஒட்டரிசி நெல்லில் குலைநோயின் கடுமை 94 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் ஆண்டின் முடிவில் அந்த உழவர்கள் பூஞ்சைக்கொல்லி தெளிப்பதையே விட்டுவிட்டனர்.

இவ்வளவு சொன்ன பிறகு, நெல்வயலின் எல்லா உயிர்களும் மனிதருக்கு நன்மையே செய்கின்றன என்று எழுதினால் அது பொய்யாகும். தேங்கிய வயல்நீரில் கியூலெக்ஸ் கொசுக்கள் பெருகி, ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புகின்றன; தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம் வட்டாரங்கள் இந்நோயை அறிந்தவை. ஆனால் இங்கும் நஞ்சு சிறந்த துணையாக இல்லை: கொசுப்புழுவைத் தின்னும் தட்டான் இளவுயிரிகளையும் மீன்களையும் அது அழிக்கிறது, வயலில் பலமுறை நஞ்சைச் சந்தித்த கொசுக்கள் வீட்டில் தெளிக்கும் நஞ்சுக்கும் அசையாதவை ஆகின்றன. மதுரையில் இயங்கிவந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தினர், வேப்பம் புண்ணாக்கு பூசிய யூரியாவை இட்டும் நீரை விட்டுவிட்டுப் பாய்ச்சியும் வயல் கொசுப்புழுக்களைக் குறைக்க முடியும் என்று 1990களில் காட்டினர்.

சூழலியல் வேளாண்மை ஆணையால் மட்டும் பிறந்துவிடாது என்பதையும் இலங்கையே காட்டியது. 2021இல் வேதியுரத்தையும் பூச்சிக்கொல்லியையும் ஒரே வீச்சில் தடை செய்தபோது, உழவருக்குப் பயிற்சியும் இல்லை, மாற்று எருவும் போதவில்லை. நெல் உற்பத்தி சரிந்தது, அந்த ஆண்டுக்குள்ளாகவே தடை திரும்பப் பெறப்பட்டது. அதே நாடு நஞ்சுகளை ஒவ்வொன்றாக, மாற்று உண்டா என்று பார்த்து விலக்கியபோது வென்றது. இந்தோனேசியாவில் தடையோடு பள்ளியும் வந்தது. 1989இல் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகளில், சுமார் இருபத்தைந்து பேர் பருவம் முழுவதும் வாரம் ஒரு காலையில் வயலில் இறங்கித் தூர்களை எண்ணினர். நெற்செடியைப் பெரிய தாளில் வரைந்து, ஒருபுறம் பூச்சிகளையும் மறுபுறம் எதிரிகளையும் எண்ணிக்கையோடு குறித்தனர். வலையிட்ட தொட்டிச் செடியில் சிலந்தியையும் புகையானையும் அடைத்து, எத்தனை மிஞ்சுகின்றன என்று மறுநாள் பார்த்தனர். இளம்பயிரின் இலைகளைக் கத்தரித்துவிட்டு அது தழைத்து விளைந்ததைத் தம் கண்ணாலேயே கண்டனர். பத்து இலட்சம் உழவர்கள் அப்படிப் படித்தனர். அங்குதான் 'ஓபாட்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'ராச்சுன்', அதாவது நஞ்சு, என்று சொல்லப் பழகினர். அரசின் திட்டம் 1999இல் நின்றது. தெளிப்பு மெல்லத் திரும்பியது. 2010, 2011இல் ஜாவாவில் புகையானும் திரும்பியது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதன்று. தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் வரப்பில் தேன் சுரக்கும் பூச்செடிகளை வளர்த்தபோது பூச்சிக்கொல்லித் தெளிப்பு 70 விழுக்காடு குறைந்து, விளைச்சல் 5 விழுக்காடு கூடியது என்று 2016இல் வெளியான ஆய்வு, காவிரிப் படுகையில் வரப்பு உளுந்து விதைப்பவர்களுக்குத் தெரிந்ததையே எண்ணிக்கையில் எழுதியது; அந்தப் பூவின் தேனை நம்பித்தான் ஒட்டுண்ணிக் குளவி உயிர் வாழ்கிறது. ஆனால் நஞ்சைத் தடை செய்யும் அதிகாரம் மாநிலத்துக்குக் குறைவு. இந்தியாவின் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநில அரசு ஒரு நஞ்சை அறுபது நாள் மட்டுமே தடுத்து நிறுத்த முடியும், தேவையானால் முப்பது நாள் நீட்டிக்கலாம். நிலையான தடை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. 2023இல் தமிழ்நாடு மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு அப்படி அறுபது நாள் தடை விதித்தது. ஒரு நெற்பருவம் முடிவதற்கே அறுபது நாள் போதாது.

எனினும் உழவர் கையில் ஏற்கெனவே இருக்கும் ஓர் அளவுகோல் கவனத்துக்கு உரியது. எந்த எண்ணிக்கையைத் தாண்டினால் தெளிப்பது செலவுக்கு ஈடாகும் என்று கூறும் வரம்புக்குப் பொருளாதாரச் சேத நிலை என்று பெயர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, புகையானுக்கு அந்த வரம்பு தூர் ஒன்றுக்கு ஒரு பூச்சி. தூர்கள் சேர்ந்து நிற்கும் குத்து ஒன்றுக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலிலோ, அது தூர் ஒன்றுக்கு இரண்டு பூச்சி.